ஊருக்குப் போறீங்களா? பூனையை யார் பார்த்துக்குவாங்க?

ஊருக்குக் கிளம்பும்போது பூனை குறுக்கே போய்விட்டால், திரும்பி வந்து ஒரு நிமிடம் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே பூனை வளர்க்கிறவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. கிளம்புகிற அன்று அது குறைந்தது முப்பது தடவை குறுக்கே போகும். பிறகு திறந்து வைத்த சூட்கேஸில் ஏறி, இஸ்திரி போட்ட சட்டை மேல் படுத்துக்கொள்ளும். அவர்களுடைய கவலை வேறு. "நாம நாலு நாள் இல்லைன்னா இதை யார் பார்த்துப்பாங்க?"

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. மற்ற ஊர்களுக்கு லீவு விட்டால் எல்லோரும் இங்கே வருகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈ.சி.ஆரில் வரிசை கட்டும் கார்களைப் பார்த்துவிட்டு, "இந்தக் கூட்டத்துல நாம இங்க இருந்து என்ன பண்ணப்போறோம்" என்று உள்ளூர்க்காரர்கள் ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ சொந்த ஊருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பின்னால் லாஸ்பேட்டை அப்பார்ட்மென்ட் ஒன்றிலோ முத்தியால்பேட்டை மாடி வீட்டிலோ, பூட்டிய கதவுக்கு உள்ளே ஒரு பூனை இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: பெரிய கிண்ணம் நிறைய உலர் உணவு, ஒரு வாளித் தண்ணீர், பாத்ரூம் ஜன்னல் கொஞ்சம் திறந்து. "பூனைதானே, அது பார்த்துக்கும்." நாய் வைத்திருப்பவர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார். பூனை தனிமை விரும்பி, தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது, வாக்கிங் கேட்பதில்லை. அதனால் நமக்கு இந்தத் தைரியம் வருகிறது. ஆரோக்கியமான, வளர்ந்த பூனை ஒரு ராத்திரி தனியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

மூன்றாவது நாள் என்ன ஆகிறது?

ஒரு நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் மெலியும், சோர்ந்து போகும். பூனை சாப்பிடாமல் இருந்தால் அதன் உடம்பில் வேறொன்று நடக்கிறது. பட்டினி என்றதும் பூனையின் உடல் சேமித்து வைத்த கொழுப்பை எடுத்துக் கல்லீரலுக்கு அனுப்பத் தொடங்கும். அவ்வளவு கொழுப்பைக் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. கொழுப்பு அங்கேயே தங்கி, கல்லீரல் வேலையை நிறுத்தத் தொடங்குகிறது. கொழுப்புக் கல்லீரல் நோய் என்று மருத்துவர்கள் சொல்லும் இது, இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலே தொடங்கிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், ஒல்லிப் பூனையைவிடக் கொழுகொழு பூனைக்குத்தான் ஆபத்து அதிகம். "அது நல்லா குண்டாத்தான் இருக்கு, ரெண்டு நாள் சாப்பிடலைன்னா என்ன" என்ற நம் கணக்கு இங்கே தலைகீழ்.

கிண்ணம் நிறைய உணவு இருக்கும்போது ஏன் சாப்பிடாமல் இருக்கப்போகிறது? பயம், பழக்கம் மாறியது, வீட்டில் ஆள் இல்லாதது, வாயில் புண், உணவில் எறும்பு. புதுச்சேரி மே மாதத்தில் மூடிய வீட்டுக்குள் கிண்ணத்தில் எறும்பு ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எறும்பு மொய்த்த கிண்ணத்தைப் பூனை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

இன்னொன்று ஆண் பூனை வைத்திருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சளி போன்ற பொருளும் நுண்ணிய படிகங்களும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் சிறுநீர் வெளியேறாது. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, உலர் உணவு மட்டுமே சாப்பிடுவது, மன அழுத்தம் ஆகிய மூன்றும் இதற்கு வழிவகுக்கும். நாம் ஊருக்குப் போகும் நாட்களில் பல வீடுகளில் மூன்றுமே ஒன்றாகச் சேர்கின்றன. முழு அடைப்பு ஏற்பட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். அடைப்பு வந்த பூனை அடிக்கடி லிட்டர் பாக்ஸுக்குப் போகும், முக்கும், கத்தும், ஆனால் மணல் காய்ந்தே இருக்கும். பார்க்கிறவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுவார்கள். அந்த நேரத்தில் தேட வேண்டியது ஆட்டோ.

ஆக, நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியது சோற்றுக்கு மட்டும் அல்ல. சாப்பிட்டதா, சிறுநீர் போனதா என்ற இரண்டையும் தினமும் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்து இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அந்நாட்டின் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஆணையின்படி, தனியாக வளர்க்கப்படும் பூனைக்குத் தினமும் மனிதத் தொடர்பு இருக்க வேண்டும், அல்லது வேறு பூனைகள் கண்ணில் படும்படியாவது இருக்க வேண்டும்.

வீட்டிலேயா, ஹாஸ்டலிலா?

வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். புது வீட்டில் நாய் நம் காலைச் சுற்றிக்கொண்டு சந்தோஷமாக இருக்கும். பூனை பீரோவுக்குப் பின்னால் போய் இரண்டு நாள் வெளியே வராது. அதற்கு ஆளைவிட இடம் முக்கியம் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், தன் வாசனை படிந்த சுவர், சோபா, ஜன்னல் விளிம்பு எல்லாம் சேர்ந்துதான் அதன் பாதுகாப்பு உணர்வு. அதனால், ஆள் கிடைத்தால் பூனையை வீட்டிலேயே விட்டுவிட்டு, பார்த்துக்கொள்பவரை வீட்டுக்கு வரவழைப்பதுதான் முதல் தேர்வு. அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவது நமக்கு நிம்மதி. பூனைக்கு அது புது இடம்தான். அங்கே ஏற்கெனவே பழகியிருந்தால் சரி.

ஆனால் எல்லோருக்கும் ஆள் கிடைப்பதில்லை. தினமும் மருந்து கொடுக்க வேண்டிய பூனையை நல்ல மருத்துவமனையோடு இணைந்த போர்டிங்கில் விடுவது வீட்டில் விடுவதைவிடப் பாதுகாப்பு. போர்டிங் என்றால் முன்கூட்டியே நேரில் போய்ப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் இருக்கும் போட்டோ போதாது. நாய்களும் பூனைகளும் ஒரே ஹாலிலா? நாய் குரைப்பது கேட்கும் தூரத்தில் பூனைக் கூண்டு இருந்தால் யோசியுங்கள். ராத்திரி அங்கே ஆள் தங்குகிறாரா? மின்சாரம் போனால் ஃபேனுக்கு என்ன வழி? பூனைக்கு ஒளிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளைக் கவனித்தார்கள். சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாட்களிலேயே மற்றவற்றைவிடத் தெளிவாக அமைதியடைந்தன. அதனால் ஆன்லைன் ஆர்டரில் வந்த அட்டைப்பெட்டி ஒன்றையும் நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய டி-ஷர்ட்டையும் கூடவே அனுப்புங்கள். டி-ஷர்ட்டைத் துவைத்து அனுப்பாதீர்கள், உங்கள் வாசனைதான் அதற்கு வேண்டும்.

"தடுப்பூசி அட்டை வேண்டாம், கொண்டாந்து விடுங்க" என்று சொல்கிற இடத்தில் மட்டும் விடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் பக்கத்துக் கூண்டுப் பூனையின் உரிமையாளரிடமும் கேட்டிருக்க மாட்டார். பூனைகளிடையே பரவும் பான்லுகோபீனியா வைரஸ் குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடக்கூடியது. தரையிலும் கூண்டிலும் ஒரு வருடம் வரைகூட அழியாமல் இருக்கும். இதற்கான தடுப்பூசியை, 'ட்ரைகேட்' என்று டாக்டர்கள் சொல்லும் மூன்று நோய்களுக்கான ஊசியாகப் போடுவார்கள். முதல் தடவை என்றால் மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. ரேபிஸ் ஊசி தனி. கணக்குப் போட்டுப் பாருங்கள், மே மாத டூருக்கு ஏப்ரல் கடைசியில் யோசிக்க ஆரம்பித்தால் நேரம் போதாது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் என்ன சொல்வது?

நம் ஊரில் பெட் சிட்டர் என்றால் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்கா, கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர், ஆபீஸ் நண்பர், வேலைக்கு வரும் அம்மா, இவர்களில் ஒருவர்தான். பேச்சு இப்படிப் போகும்:

"அக்கா, நாலு நாள் பூனைக்குச் சோறு வெச்சிடுறீங்களா?"

"அதுக்கென்னம்மா, வெச்சிடுறேன். அது எங்க போவப்போவுது?"

அத்தோடு சாவி கைமாறும். அக்கா சொன்ன சொல் தவற மாட்டார். தினமும் வந்து கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போவார். பூனையைப் பார்த்தீர்களா என்று போனில் கேட்டால், "எங்கயோ உள்ள படுத்திருக்கும்மா, நான் போனா வரமாட்டேங்குது" என்பார். நீங்கள் கவலைப்பட வேண்டிய வாக்கியம் அதுதான். அக்கா மேல் குற்றம் இல்லை. சோறு வைக்கச் சொன்னோம், வைத்தார். பார்க்கச் சொல்லவில்லை.

ஆகவே சொல்லும்போதே விவரமாகச் சொல்லுங்கள். பூனை வழக்கமாக ஒளியும் இடங்களைச் சாவி கொடுக்கும் அன்றே காட்டிவிடுங்கள். கட்டிலுக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், பரண் மேல், வாஷிங் மெஷினுக்குள். (வாஷிங் மெஷின் மூடியை எப்போதும் மூடி வையுங்கள், அலமாரியையும்தான்.) தினமும் இரண்டு போட்டோ வாட்ஸ்அப்பில் கேளுங்கள். ஒன்று பூனை, இன்னொன்று அள்ளுவதற்கு முன் லிட்டர் பாக்ஸ். கூச்சப்படாதீர்கள், குட்மார்னிங் ரோஜாப்பூ படத்தைவிட இது உபயோகமானது. கட்டியாகும் மணல் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு பூனைக்கு ஒரு நாளைக்குச் சாதாரணமாக இரண்டிலிருந்து நான்கு சிறுநீர்க் கட்டிகள் இருக்கும். உங்கள் பூனையின் வழக்கம் எத்தனை என்று கிளம்புவதற்கு முந்தைய வாரமே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் ஒரு கட்டிகூட இல்லையென்றால், அல்லது வைத்த உணவு அப்படியே இருந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக்கூடாது. இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். கீழே உங்கள் டாக்டர் நம்பர்.

டாக்டர் நம்பர் என்றால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற நம்பர். தனியார் கிளினிக்குகள் பல பண்டிகை நாட்களில் மூடியிருக்கும். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே உள்ள மருத்துவமனையின் நேரத்தையும் விடுமுறை நாள் ஏற்பாட்டையும் கிளம்புவதற்கு முன்பே விசாரித்து எழுதி வைப்பது புத்திசாலித்தனம். கூடவே, சிகிச்சைக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம், உங்களை போனில் பிடிக்க முடியாவிட்டால் யார் முடிவெடுப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பணத்தையும் ஜிபேயில் அனுப்பி வைத்துவிடுங்கள். அவசர நேரத்தில் அக்கா தன் கைக்காசைப் போட்டுவிட்டு உங்களிடம் கேட்கச் சங்கடப்படக் கூடாது.

சாப்பாட்டு விஷயம். இந்த ஊர்ப் பூனைகளில் பாதி மீன் சோற்றுப் பூனைகள். காலையில் பெரிய மார்க்கெட்டிலிருந்தோ வாசலில் வரும் மீன்காரம்மாவிடமோ வாங்கும் நெத்திலியில் அதற்கும் ஒரு பங்கு. ஆனால் கோடை லீவும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாகத்தான் வருகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கட்டுமரமும் ஃபைபர் படகும் கொண்டுவருவது கொஞ்சம், விலை எக்கச்சக்கம். அந்த விலைக்கு மீன் வாங்கிப் பூனைக்கு வையுங்கள் என்று அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? பக்கத்து வீடு சைவம் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஊருக்குப் போகும் நாட்களுக்குப் பாக்கெட் உணவு வசதிதான். ஆனால் கிளம்பும் அன்று திடீரென்று மாற்றினால் பூனை தொடாது. பத்து நாள் முன்பிருந்தே மீன் சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். மீன் வைப்பதாக இருந்தால் வேகவைத்ததாக இருக்கட்டும். சில கடல் மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு நொதி உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். அன்பின் பேரில் யாராவது பால் வைப்பார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். தயிர் சோறு தின்கிற பூனைகள் உண்டு. ஆனால் பூனைக்கு மாமிசத்திலிருந்து கிடைக்கும் டாரின் கட்டாயம் தேவை, அது தயிர் சோற்றில் கிடைக்காது.

வெயில் நாளில் ஈர உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கெட ஆரம்பிக்கும். தின்று மிச்சம் வைத்ததை அக்கா போகும்போதே எடுத்துப் போட்டுவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் ஒன்று போதாது, இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பூனை ஒன்றைத் தட்டிவிட்டால் இன்னொன்று இருக்கும். சிட்டர் கர்ப்பமாக இருந்தால் லிட்டர் பாக்ஸ் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுங்கள். பூனை மலம் வழியாக வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி கருவைப் பாதிக்கக்கூடியது. பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். "வீட்டுப் பூனைதானே" என்று விடக்கூடாது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குக் கொடுத்துவிடாமல் இருக்கவும் சொல்லி வையுங்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

"கேமரா வெச்சிருக்கேன், ஆட்டோமேட்டிக் ஃபீடரும் இருக்கு, ஆள் எதுக்கு?" என்று கேட்கும் ஐ.டி. நண்பர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் பெட்நெட் என்ற நிறுவனத்தின் இணைய வழி உணவு இயந்திரம் 2016 ஜூலையில் சர்வர் கோளாறால் பல மணி நேரம் முடங்கியது. 2020 பிப்ரவரியில் மறுபடியும், இந்த முறை ஒரு வாரத்துக்கு மேல். வாடிக்கையாளர்கள் போனைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஃபீடரை வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்க அது நல்ல உதவி. இணையம் இல்லாமலும் பேட்டரியில் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் கேமரா கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்காது.

திரும்பி வரும் தேதி உங்கள் கையில் இல்லை

புதுச்சேரியில் இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலை. சரியாக நியூ இயர் லீவு. 'ஃபெஞ்சல்' புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்து, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் படகு விட வேண்டியிருந்தது. அன்று பகலிலேயே சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தின் கீழ் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் ரயில்கள் நின்றன. அந்த வார இறுதிக்கு மட்டும் என்று வெளியூர் போயிருந்தவர்கள் திங்கட்கிழமை ஆபீஸுக்குத் திரும்ப முடியாமல் தவித்த நாட்கள் அவை.

அந்த மாதிரி நாளில் வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் சிட்டர் உங்கள் வீட்டை எட்ட முடியாது. நடந்து வரும் தூரத்தில் இருக்கும் இன்னொருவரிடம் இரண்டாவது சாவி இருக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் பயணம் என்றால், வீட்டில் தரைத்தளத்தில் பூனையைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அல்லது மேலே ஏறிக்கொள்ள உயரமான இடமாவது இருக்கட்டும். கேரியர் கூண்டைப் பரண் மேல் போடாமல் கதவருகே திறந்து வையுங்கள், அவசரத்தில் அக்கா தேடிக்கொண்டிருக்க முடியாது. நாலு நாளுக்குக் கிளம்பினால் எட்டு நாளுக்கு உணவும் மணலும் வாங்கி வையுங்கள்.

வாங்கி வைக்காதபோது என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு வழக்கே இருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் முதல் வாரங்களில், கொச்சியைச் சேர்ந்த ஒருவர் தன் மூன்று பூனைகளுக்கு பிஸ்கட் வாங்கப் போக வாகன பாஸ் கேட்டார். போலீஸ் மறுத்தது. அவர் உயர் நீதிமன்றம் போனார். தன் வீடு சைவ வீடு, பூனைகளுக்கு மாமிசம் சமைக்க முடியாது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. சிரித்துத் தள்ளிவிடக்கூடிய வழக்குதான். இரு நீதிபதிகள் அமர்வு அப்படிச் செய்யவில்லை. விலங்குகளை வைத்திருப்பவருக்கு அவற்றின் நலனைப் பேணும் கடமை உண்டு என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னதையும் எடுத்துக்காட்டி, அவர் வெளியே போய்ப் பூனை உணவு வாங்கிவர அனுமதித்தது.

கூடவே கூட்டிட்டுப் போயிடலாமா?

சுருக்கமாக: ரொம்பத் தேவை என்றால் மட்டும். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் கூப்பே முழுவதையும் உங்கள் பெயரில் எடுத்தால் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் லக்கேஜ் வேனில் கூண்டில்தான் பயணம், அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். புதுச்சேரியிலிருந்து 2024 டிசம்பரில் பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் சேவை தொடங்கிய இண்டிகோ, செல்லப் பிராணிகளை ஏற்றுவதில்லை. ஏர் இந்தியாவும், 2022 நவம்பர் முதல் ஆகாசா ஏரும் எடைக் கட்டுப்பாட்டோடு கேபினில் அனுமதிக்கின்றன. அதற்குச் சென்னை போக வேண்டும். நாலு நாள் டூருக்கு இவ்வளவு அலைச்சல் பூனைக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

பிரான்ஸில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் கதை வேறு. ஜூலை, ஆகஸ்டில் இரண்டு மாதம் பாரிஸ் போகும்போது பூனையையும் எடுத்துப் போக நினைப்பவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, இந்தியாவிலிருந்து போகும் பூனைக்கு முதலில் மைக்ரோசிப். பிறகு ரேபிஸ் ஊசி. குறைந்தது 30 நாள் கழித்து ரத்த மாதிரி எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருக்கிறதா என்ற பரிசோதனை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதக் காத்திருப்பு. ஆக நாலு மாதம் ஓடிவிடும். ஜூலைக்கு பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டும். திரும்பி வர இந்தியாவின் விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையில்லாச் சான்று தனி. டிக்கெட்டைப் போட்டுவிட்டு மே மாதம் விசாரிப்பவர்கள் கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் வருகிறார்கள்.

"மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வந்துடலாம்"

இப்படியும் சிலர் செய்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. "அங்க மீன் கிடைக்கும், அது பொழைச்சுக்கும், வந்து திரும்பப் பிடிச்சுக்கலாம்." வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்கு மீன் மார்க்கெட் சோறு போடும் இடம் அல்ல. அங்கே ஏற்கெனவே எல்லை பிரித்து வைத்திருக்கும் பூனைகளும் நாய்களும் அதை விரட்டும். நீங்கள் வந்து தேடும்போது அது அங்கே இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-ஆவது பிரிவு, பசி தாகத்தால் துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. போதுமான உணவும் தண்ணீரும் தராமல் இருப்பதும் குற்றமே. முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-இல் நிர்ணயித்த தொகை. இன்று ரெண்டு டீக்குக் கொடுக்கும் காசு. இதே ஊர் ஒருகாலத்தில் யாருடைய சட்டத்தின் கீழ் இருந்ததோ அந்த பிரான்ஸில், கோடை விடுமுறைதான் செல்லப் பிராணிகளைக் கைவிடும் சீசன். ஆண்டுதோறும் அங்கே அதற்கு எதிராகப் பிரசாரம் நடக்கிறது. 2021 நவம்பரில் நிறைவேறிய சட்டம் இதற்கான தண்டனையை மூன்றாண்டு சிறை, 45,000 யூரோ அபராதம் வரை உயர்த்தியது.

வீடு திரும்பியதும்

கதவைத் திறந்ததும் ஓடிவந்து காலைச் சுற்றும் பூனைகளும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் பூனைகளும் உண்டு. "கோவிச்சுக்கிச்சு" என்போம். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017-இல் 14 பூனைகளை அரை மணி நேரமும் நாலு மணி நேரமும் தனியாக விட்டு, ஆள் திரும்பி வரும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். அதிக நேரம் பிரிந்திருந்த பிறகு அவை கூடுதலாக உறுமிக் குழைந்தன, உடம்பை நீட்டி முறித்தன. ஒரு வாரப் பிரிவை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனால் நீங்கள் இல்லாதது அதற்குத் தெரிகிறது என்பது மட்டும் தெளிவு.

முதல் இரண்டு நாள் அதன் போக்கில் விடுங்கள், தூக்கி வைத்துக் கொஞ்சாதீர்கள். சாப்பாட்டு நேரத்தைப் பழையபடி கொண்டுவாருங்கள். ஒரு வாரம் வரை லிட்டர் பாக்ஸை எண்ணுவதை நிறுத்தாதீர்கள். அழுத்தத்தால் வரும் சிறுநீர்ப் பிரச்சினை நீங்கள் வந்த பிறகும் தலைகாட்டலாம். மெத்தையிலோ துணிமேலோ சிறுநீர் போயிருந்தால் அதைப் பழிவாங்கல் என்று எடுத்துக்கொண்டு அடிக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். போர்டிங்கில் விட்டிருந்தால் தும்மல், கண்ணில் நீர், வயிற்றால் போவது இருக்கிறதா என்று பத்து நாள் கவனியுங்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் அந்த நாட்களில் கிண்ணமும் மணலும் தனித்தனி.

அக்காவுக்கு ஊட்டி வர்க்கியோடு நிற்காமல், நாலு நாள் வேலைக்கு என்ன கொடுப்பது என்று கிளம்பும் முன்பே பேசி, கையில் கொடுத்துவிடுங்கள். "ஐய, இதுக்கெல்லாம் காசா" என்று ஒருமுறை மறுப்பார். இரண்டாவது முறையும் நீட்டுங்கள். தீபாவளி வருகிறது, சாவியைத் திருப்பி வாங்க வேண்டாம்.